வழக்கறிஞர் மார்ஷல்

நம் ஊர்க் குற்றவியல் நீதிமன்றங்களின் தமிழில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றே ஏடுகளில் எழுதுவார்கள். அரசு வழக்குத் தொடுக்கிறது. அதற்கு எதிரே நிற்பவர் எதிரி. அவ்வளவே அச்சொல்லின் பொருள். ஆயினும் சொற்கள் தம் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. ஏட்டில் எதிரி என்று எழுதப்பட்டவன் நாளடைவில் ஊருக்கே எதிரியாகி விடுகிறான். அவனுக்காக எழுந்து நின்று வாதாடும் வக்கீலையும் ஊர் அதே கண்கொண்டு பார்க்கிறது.

குற்றம் செய்தவனுக்காக வாதாடுவது அறமாகுமா என்று கல்லூரி மாணவர்கள் என்னைப் பலமுறை கேட்டதுண்டு. இக்கேள்விக்குச் சட்ட நூல்களிலிருந்து விடை சொல்லலாம். குற்றம் செய்தவன் யார் என்பது வழக்கு முடிந்த பிறகல்லவா தெரியும் என்று திருப்பிக் கேட்டும் மடக்கி விடலாம். அவ்வாறு மடக்குவதைவிட, இத்தொழிலிலேயே தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்வது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. தர்குட் மார்ஷல் என்பது அவர் பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றத்தில் 1967-ஆம் ஆண்டு நீதிபதியாக அமர்ந்தவர். அப்பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர். பதவியில் இருந்த இருபத்து நான்கு ஆண்டுகளைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அதற்கு முன்னர், கையில் ஒரு தோல்பையுடன் இரயிலேறி ஊர் ஊராகச் சென்று வாதாடிய காலத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மார்ஷல் 1908-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி மேரிலாண்டு மாநிலத்துப் பால்ட்டிமோர் நகரில் பிறந்தார். தாய் நார்மா பள்ளி ஆசிரியை. தந்தை வில்லியம் இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராக இருந்தவர். பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் இடப்பட்டது. தரோகுட் என்ற அந்தப் பெயர் எழுதுவதற்கு நீளமாக இருக்கிறதென்று, பையன் தானே அதைத் தர்குட் என்று சுருக்கிக் கொண்டானாம். தந்தையாருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நீதிமன்றத்துக்குச் சென்று வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில வேளைகளில் மகனையும் உடன் அழைத்துச் செல்வார். வீடு திரும்பியதும் உண்ணும்போது விவாதம் தொடங்கும். பையன் எதைச் சொன்னாலும், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பார். வக்கீலாகு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை; ஆனால் தம்மை வக்கீலாக்கியவர் அவரே என்று மார்ஷல் பின்னாளில் கூறுவதுண்டு.

பள்ளியில் குறும்பு செய்தால் தலைமை ஆசிரியர் நிலவறைக்கு அனுப்புவார். அங்கே அமர்ந்து அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியை மனப்பாடம் செய்த பிறகே வெளியே வரலாம். பள்ளியை விட்டு வெளியேறு முன் அச்சட்டம் முழுவதும் பையனுக்குப் பாடமாகி விட்டதென்றால், அவன் குறும்பின் அளவை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பின் சட்டம் பயில விரும்பினார். சொந்த ஊரிலேயே மேரிலாண்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு அதன் கதவு அடைபட்டிருந்தது. எனவே தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹௌவர்டு பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் இரயிலில் சென்று வந்தார். கட்டணத்துக்காகத் தாயார் தம் திருமண மோதிரத்தை அடகு வைத்தார். 1933-ஆம் ஆண்டு வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

அக்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் ஹார்வர்டில் பயின்றவர். முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றவர். அங்கே எதிரி நாட்டாரைவிடத் தம் சொந்தப் படையின் வெள்ளை அதிகாரிகளிடமே அதிக அவமானத்தை அனுபவித்தார். உயிரோடு ஊர் திரும்பினால் சட்டம் படிப்பது, தம்மைக் காத்துக்கொள்ள வழியற்றவர்களுக்காக வாதாடுவது என்று அப்போதே உறுதி பூண்டார். ஹௌவர்டில் அவர் மாணவர்களைப் படாத பாடு படுத்தினார். வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் இடையிலேயே விலக நேர்ந்தது. அவருடைய வாதம் எளிது. வெள்ளை வக்கீலுக்கு நிகராக வாதாடும் கறுப்பின வக்கீல் தோற்பான். அவனைவிடச் சிறப்பாக வாதாடினால்தான் நீதிபதி தலைநிமிர்ந்து பார்ப்பார். ஒரு காற்புள்ளி தவறினாலும் எதிர்த்தரப்பு அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆகவே பிழையற்ற மனு, முழுமையான ஆதாரம், அசையாத பொறுமை இம்மூன்றும் வேண்டும் என்பது ஹூஸ்டனின் பாடம். மார்ஷலின் தொழில் முறை முழுவதும் இந்தப் பாடத்தின் விரிவுரை என்றே நான் கருதுகிறேன்.

பால்ட்டிமோரில் அவர் தொழில் தொடங்கிய காலம் பொருளாதார நெருக்கடிக் காலம். கட்சிக்காரர்கள் வந்தார்கள், பணம் வரவில்லை. முதலாண்டில் வரவைவிடச் செலவே மிகுந்தது. வீட்டை இழக்கவிருந்தவர்கள், சில்லறைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று யார் வந்தாலும் அவர் ஏற்றுக் கொண்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக அவர் வாதாடியும், அவர் தூக்கிலிடப்பட்டார். தம் கட்சிக்காரனை அரசு கொல்வதைப் பார்த்த வழக்கறிஞர் அதை மறப்பதில்லை. மார்ஷலும் மறக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1935-ஆம் ஆண்டு டொனால்டு முர்ரே என்ற கறுப்பின மாணவருக்காக, ஆசிரியர் ஹூஸ்டனோடு சேர்ந்து மேரிலாண்டுப் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். தமக்கு இடமளிக்காத அதே சட்டக் கல்லூரி! கறுப்பின மாணவர்களுக்கென்று தனிக் கல்லூரி இருந்தால் காட்டுங்கள். இல்லையேல் இக்கல்லூரியில் சேருங்கள் என்பது வாதம். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முர்ரே சேர்க்கப்பட்டார், 1936-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே ஆண்டு, வெள்ளையரல்லாத மக்களின் முன்னேற்றத்துக்கென 1909-இல் தோன்றிய தேசியச் சங்கத்தில் சேர்ந்து மார்ஷல் நியூயார்க் சென்றார். இரண்டாண்டில் சட்டப் பிரிவின் தலைமை அவர் கைக்கு வந்தது. 1940-இல் சட்டப் பணிகளுக்கென்றே ஒரு தனி நிதியம் தொடங்கி அதையும் அவரே நடத்தினார். இச்சங்கத்தின் வழக்கு முறை பற்றி ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பணம் குறைவு, உதவி கேட்டு வரும் கடிதங்களோ மலைபோல் குவியும். ஆகவே கறுப்பினத்தவர் என்ற காரணத்தாலேயே அநீதி இழைக்கப்பட்டிருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று தெளிவாகத் தோன்ற வேண்டும். இவ்விரண்டும் பொருந்தும் வழக்குகளையே எடுத்துக் கொண்டார்கள். இது கடுமையான வரம்புதான். குற்றம் செய்தவனுக்கும் நேர்மையான விசாரணை வேண்டும் என்பதே சட்டத்தின் கொள்கை. ஆனால் பசித்தவர் நூறு பேர் இருக்க, கையில் பத்துப் பிடி அரிசி மட்டும் வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்?

தென் மாநிலங்களின் குற்ற வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே கேள்வி. அது ஒப்புதல் வாக்குமூலம் பற்றியது. கொலை நடக்கும், ஊர் கொதிக்கும், யாரேனும் ஒரு கறுப்பினத்தவரைப் பிடித்து வருவார்கள், சில நாட்களில் அவர் ‘ஒப்புக்கொள்வார்’. பிறகு விசாரணை என்பது சடங்கு. நம் நாட்டில் காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்தது; அதற்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. அமெரிக்காவில் அத்தகைய பொதுத் தடை இல்லை. தன்னிச்சையாகத் தந்த வாக்குமூலமா, வதைத்து வாங்கியதா என்று ஒவ்வொரு வழக்கிலும் போராடித்தான் நிலைநாட்ட வேண்டும். புளோரிடாவில் நான்கு இளைஞர்களை நாட்கணக்கில் தொடர்ந்து விசாரித்து, இறுதியில் ஓர் இரவு முழுவதும் உறங்கவிடாமல் வாங்கிய ஒப்புதல்களை 1940-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தள்ளியது. சேம்பர்ஸ் வழக்கு எனப்படும் அதில் மார்ஷலின் பெயரும் வழக்கறிஞர் வரிசையில் உண்டு. அந்த வெற்றியின் மகிழ்ச்சி ஆறுமுன் ஓக்லஹாமாவிலிருந்து வேறொரு அழைப்பு வந்தது.

1939-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு, ஓக்லஹாமாவின் ஒரு சிற்றூரில் கணவன், மனைவி, அவர்களுடைய பிள்ளை ஒருவன் ஆக மூவர் கொல்லப்பட்டு வீடும் கொளுத்தப்பட்டது. லையன்ஸ் என்ற இருபது வயதுக் கறுப்பின இளைஞரைப் பிடித்தார்கள். அடித்தார்கள். இறந்தவர்களின் கருகிய எலும்புகளை ஒரு தட்டில் கொணர்ந்து அவர் மடிமீது வைத்தார்கள். விடியுமுன் அவர் ஒப்புக்கொண்டார். அன்றே சிறைச்சாலைக்குக் கொண்டுபோய் இரண்டாவது வாக்குமூலமும் வாங்கினார்கள்.

1941 ஜனவரியில், ஹ்யூகோ என்ற ஊரில் விசாரணை நடந்தது. பள்ளிப் பிள்ளைகளைக்கூடத் திருவிழாவுக்கு அழைத்து வருவது போல் வேடிக்கை பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். கறுப்பின வக்கீல் ஒருவர் வெள்ளைக் காவலர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதை அவ்வூர் அதுவரை கண்டதில்லை. மார்ஷலின் பாதுகாப்புக் கருதி, இரவுக்கு ஒரு வீடாக மாற்றித் தங்க வைத்தார்கள். குறுக்கு விசாரணையில் காவலர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறுத்தார்கள். எல்லாவற்றையும்விட வியப்பானது, கொல்லப்பட்ட பெண்ணின் தந்தையே எதிரித் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறியதுதான். லையன்ஸை அடித்த விதத்தைப் பற்றி அதிகாரி ஒருவர் பெருமை பேசியதைத் தாம் கேட்டதாக அவர் சொன்னார். மகளைப் பறிகொடுத்த வெள்ளையர், மகளைக் கொன்றவனென்று நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவருக்காகப் பேசினார்! வக்கீலின் திறமை என்பது பேச்சுவன்மை என்று எண்ணுவோர், இந்தச் சாட்சியைத் தேடிக் கண்டு, பேச வைத்த உழைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜூரிகள் அனைவரும் வெள்ளையர். குற்றவாளி என்றே சொன்னார்கள். ஆனால் மரண தண்டனை தரவில்லை. ஆயுள் தண்டனையோடு நிறுத்திக் கொண்டார்கள். மூவரைக் கொன்றவன் என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அந்நாளில் அவ்வூரில் ஆயுள் தண்டனை என்ற பேச்சுக்கே இடமிராது. மார்ஷல் இதிலிருந்து ஒரு கணக்கைக் கற்றுக் கொண்டார். கறுப்பின எதிரிக்கு ஜூரிகள் ஆயுள் தண்டனை தந்தால், அவன் நிரபராதி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. விடுதலை செய்யத்தான் துணிவில்லை என்பது அந்தக் கணக்கு. இதைவிடக் கசப்பான சட்டப் பாடம் எந்த நூலிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல்முறையீடு உச்சநீதிமன்றம் வரை சென்றது. முதல் வாக்குமூலத்தை யாரும் ஆதரிக்கவில்லை. இரண்டாவது வாக்குமூலம் அச்சம் நீங்கிய பிறகு தந்தது என்று 1944-இல் பெரும்பான்மை நீதிபதிகள் கூறி மனுவைத் தள்ளினார்கள். காலையில் அடிபட்டவனுக்கு மாலைக்குள் அச்சம் நீங்கிவிடுமாம்! மூன்று நீதிபதிகள் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. அதே 1944-இல்தான், கட்சியின் உட்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற டெக்சாஸ் மாநில வழக்கத்தை உச்சநீதிமன்றத்தில் மார்ஷல் முறியடித்தார். பல இலட்சம் மக்களின் வாக்குரிமையை வென்ற வழக்கறிஞரால் ஓர் இளைஞனைச் சிறையிலிருந்து மீட்க முடியவில்லை. லையன்ஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது 1965-ஆம் ஆண்டில்.

இத்தொழிலில் வக்கீலுக்கே உயிராபத்து உண்டு என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டென்னசி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊர். 1946 பிப்ரவரியில் அங்கே ஒரு கடையில் வானொலிப் பெட்டியைப் பழுது பார்த்ததில் எழுந்த தகராறு, ஒரு தாயையும் கடற்படையிலிருந்து திரும்பிய அவள் மகனையும் சிறைக்கு அனுப்பியது. பிறகு கலகமாக வெடித்தது. காவலர் சிலர் காயமுற்றனர். கறுப்பின மக்களின் வீதி சூறையாடப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். இருபத்தைந்து பேர் மீது கொலை முயற்சி வழக்குத் தொடர்ந்தது அரசு. மார்ஷல் இடையில் கடும் நோயுற்றுப் படுத்துவிட, அலெக்ஸாண்டர் லூபி முதலிய துணைவர்கள் வழக்கை நடத்தினார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி இருபத்து மூவரை விடுவித்தது. யாரும் எதிர்பாராத வெற்றி அது.

நோய் தேறி வந்த மார்ஷல் நவம்பரில் மீதி வழக்கையும் நடத்தி முடித்தார். அன்றிரவே லூபியும் வேறு இருவரும் உடன்வர, காரில் ஊரை விட்டுப் புறப்பட்டார். வழியில் காவலர்கள் மறித்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று குற்றம் சாட்டி, மார்ஷலை மட்டும் தம் வண்டியில் ஏற்றிக் கொண்டு, மற்றவர்களைப் போகச் சொன்னார்கள். வண்டி ஊரை நோக்கிச் செல்லவில்லை. ஆற்றங்கரையை நோக்கித் திரும்பியது. அந்நாட்டில் அக்காலத்தில் அதன் பொருள் என்னவென்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணைவர்கள் போக மறுத்துப் பின்தொடர்ந்தார்கள். சாட்சிகள் இருப்பதைக் கண்ட காவலர்கள் வேறு வழியின்றி ஊருக்குத் திரும்பி, ஒரு முதிய நீதிபதியின் முன் நிறுத்தினார்கள். அவர் மது வாடையையே வெறுப்பவர். தம் முகத்தருகே ஊதச் சொன்னார், மோந்து பார்த்தார், இவர் ஒரு துளியும் அருந்தவில்லை என்று சொல்லி விடுவித்தார். இக்கதையைப் பிற்காலத்தில் மார்ஷல் நகைச்சுவையோடு சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாராம். அந்த முதியவர் மட்டும் அன்று வேறுவிதமாக நினைத்திருந்தால், நான் இனிச் சொல்லப்போகும் வழக்கு எப்படி நடந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பள்ளிக்கூட வழக்கை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ‘தனித்தனியே, ஆயினும் சமமாக’ என்ற கொள்கையை 1896-இல் உச்சநீதிமன்றமே ஏற்றிருந்தது. அதை ஒரே அடியில் தகர்க்க ஹூஸ்டனும் மார்ஷலும் முயலவில்லை. சமமாக இல்லையே என்று முதலில் வாதாடினார்கள். சமமாகக் கட்ட மாநிலங்களுக்குப் பணம் இல்லை, மனமும் இல்லை. ஓக்லஹாமாவில் முதுநிலை வகுப்பில் சேர்ந்த ஒரு முதிய மாணவரை வகுப்பறைக்கு ஒட்டிய ஒதுக்கிடத்தில் அமர்த்தி, நூலகத்தில் தனி மேசை, உணவு விடுதியில் தனி மேசை என்று பிரித்து வைத்தார்கள். ஒரே கூரை, ஒரே ஆசிரியர், ஒரே நூல். ஆயினும் இது சமம் ஆகுமா? ஆகாது என்றது 1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அவ்வாண்டு ஏப்ரலில் ஹூஸ்டன் காலமாகி விட்டார். ஜூனில் வந்த இத்தீர்ப்பைக் காண அவர் இல்லை. ஆனால் இதற்கு அடுத்த படி ஒன்றுதான் இருந்தது. பிரித்து வைப்பதே சமமின்மை என்று சொல்லும் படி அது.

அவ்வழக்கில் ஐந்து வழக்குகள் சேர்ந்திருந்தன. தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்து வழக்கு, பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு பேருந்து கேட்டதில் தொடங்கியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பேருந்துகள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கு ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலர் செலவிட்ட மாவட்டம், ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர் செலவிட்டது. மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலையத்து வேலையை இழந்தார். அவர் மனைவியும் வேலை இழந்தார். சட்ட வரலாற்று நூல்கள் வழக்கின் பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்குரிய மனிதர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று அவை பெரும்பாலும் சொல்வதில்லை.

உச்சநீதிமன்றத்தில் மார்ஷலுக்கு எதிரே நின்றவர்களில் ஒருவர் ஜான் டேவிஸ். 1924-இல் நாட்டின் அதிபர் தேர்தலில் போட்டியிட்டவர். மாணவராக இருந்த நாளில் வகுப்புக்குச் செல்லாமல் டேவிஸின் வாதத்தைக் கேட்கப் போய் வியந்தவர் மார்ஷல்! 1954 மே 17-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மார்ஷலின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு அதை நிறைவேற்றும் முறை பற்றிய தீர்ப்பில் காலக்கெடு எதுவும் குறிக்காமல் விட்டார்கள். தென் மாநிலங்கள் அந்த இடைவெளியைப் பல ஆண்டுகள் பயன்படுத்திக் கொண்டன.

பள்ளிக்கூட வழக்குக்காக இரவு பகலாக உழைத்த இதே ஆண்டுகளில்தான், புளோரிடாவில் க்ரோவ்லாண்ட் என்ற ஊரின் வழக்கும் மார்ஷலின் தோளில் இருந்தது. பள்ளி வழக்குக்கே முழு நேரத்தையும் தரவேண்டியிருக்க, இதற்கு ஏன் போனார் என்று கேட்டவர்களும் உண்டு. என் கருத்தில், அவ்விரண்டையும் அவர் வெவ்வேறு வேலைகளாக எண்ணவில்லை.

1949 ஜூலையில் ஒரு வெள்ளை இளம்பெண், தன்னை நான்கு கறுப்பின ஆடவர் பலாத்காரம் செய்ததாகச் சொன்னாள். கும்பல் வீடுகளைக் கொளுத்தியது. எர்னஸ்ட் தாமஸ் என்பவரைத் துப்பாக்கி ஏந்திய பெருங்கூட்டம் துரத்திச் சென்று சுட்டுக் கொன்றது. சாமுவேல் ஷெப்பர்டு, வால்ட்டர் இர்வின் இருவரும் படையில் பணிபுரிந்து திரும்பியவர்கள். சார்லஸ் கிரீன்லீ பதினாறு வயதுச் சிறுவன். மூவரையும் அடித்து வதைத்தார்கள். முதலிருவருக்கு மரண தண்டனை. சிறுவனுக்கு ஆயுள் தண்டனை. மார்ஷலின் கசப்பான கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

மேல்முறையீட்டில் கிரீன்லீ சேரவில்லை. வென்றால் மறு விசாரணை வரும். மறு விசாரணையில் மரண தண்டனையும் வரலாம். நிரபராதி ஒருவன் தன் குற்றமின்மையை நிலைநாட்ட முயல்வதே அவன் உயிருக்கு ஆபத்து என்பதால், வாளாவிருக்க நேர்ந்தது. மற்ற இருவரின் தண்டனையை உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலில் இரத்துச் செய்தது. நவம்பர் 6-ஆம் நாள் இரவு, மறு விசாரணைக்காக அவ்விருவரையும் சிறையிலிருந்து ஷெரீப் வில்லிஸ் மக்கால் தம் காரில் அழைத்து வந்தார். இருவரும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட்டிருந்தனர். வழியில் காரை நிறுத்தி இருவரையும் சுட்டார். தப்பியோட முயன்றார்கள் என்பது அவர் கூற்று. ஷெப்பர்டு அங்கேயே இறந்தார். இர்வின் இறந்தவர் போல் கிடந்து உயிர் பிழைத்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நடந்ததைச் சொன்னார். ஷெரீப்பின் மீது வழக்கு இல்லை. அவரை எதிர்த்துக் குரல் எழுப்பிய சங்கத் தொண்டர் ஹாரி மூரின் வீட்டில், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் இரவில் வெடிகுண்டு வெடித்தது; மூரும், சில நாட்களில் அவர் மனைவியும் மாண்டனர்.

இத்தனைக்கும் பிறகு 1952 பிப்ரவரியில் இர்வினுக்காக மார்ஷல் ஒகாலா நகர நீதிமன்றத்தில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிர் தப்பலாம், ஆயுள் தண்டனையோடு விடுகிறோம் என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. வக்கீலின் கடமை, அந்தச் செய்தியைக் கட்சிக்காரரிடம் அப்படியே சொல்வது. தாம் முடிவு செய்யலாகாது. மார்ஷல் சொன்னார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று இர்வின் மறுத்து விட்டார். மூன்று குண்டுகளைத் தாங்கிய உடல் அது.

அரசுத் தரப்பின் பெரிய சான்று, குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் எடுத்த காலடி அச்சு. அந்த அச்சைப் பதித்த காலணிக்குள் கால் இருக்கவில்லை, வெறும் காலணியைக் கொண்டு பதித்தது என்று மார்ஷலின் நிபுணர் சாட்சியம் சொன்னார். ஜூரிகள் கேட்டார்கள், குற்றவாளி என்றார்கள், மீண்டும் மரண தண்டனை. மார்ஷல் விடாமல் மனுக்கள் தொடுத்து மின்சார நாற்காலியைத் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்தார். 1955-இல் புளோரிடாவின் ஆளுநர் லிராய் காலின்ஸ் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். இந்த வழக்கில் மார்ஷல் வென்றாரா, தோற்றாரா? நீதிமன்ற ஏடுகளின்படி தோற்றார். இர்வின் உயிரோடிருந்தார்.

மீதியை விரைந்து சொல்கிறேன். 1960-இல் கென்யாவின் அரசியலமைப்பு மாநாட்டுக்காக இலண்டன் சென்று அடிப்படை உரிமைகளின் வரைவை எழுதினார். அதில் அந்நாட்டில் சிறுபான்மையினராக வாழ்ந்த வெள்ளையரின், இந்தியரின் உடைமைக்கும் காப்பு வைத்தார். தம் மக்களை ஒடுக்கிய பெரும்பான்மையைக் கண்டவருக்கு வேறெங்கும் வேறொரு நியாயம் சொல்ல மனம் வரவில்லை போலும். 1961-இல் கென்னடி அவரை மேல்முறையீட்டு நீதிபதியாக்கினார். 1965-இல் அரசின் தலைமை வாதியானார். 1967-இல் உச்சநீதிமன்றத்துக்கு ஜான்சன் நியமித்தபோது, செனட் சபையில் 69 வாக்குகள் ஆதரவாகவும் 11 எதிராகவும் விழுந்தன. அதற்கு முன்பு உச்சநீதிமன்றத்தில் அவர் வாதாடிய 32 வழக்குகளில் 29 வெற்றி பெற்றவை.

நீதிபதியாக இருந்தபோது அவருடைய பழைய தொழில் அவரை விட்டு நீங்கவில்லை. மரண தண்டனை எந்நிலையிலும் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1972-இல் எழுதினார். 1976-இல் பெரும்பான்மையோர் அத்தண்டனையை மீண்டும் ஏற்றபோது மறுத்து எழுதினார். அதன் பிறகு 1991-இல் ஓய்வு பெறும்வரை, அப்படி ஒரு மனு வந்தபோதெல்லாம், பெரும்பாலும் சக நீதிபதி பிரென்னனுடன் சேர்ந்து, மறுப்பையே பதிவு செய்தார். சலிப்பூட்டும் பிடிவாதம் என்று சிலர் கருதினர். அந்த ஒன்பது பேரில், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து வழக்கு நடத்திய அனுபவம் அவர் ஒருவருக்கே பெரிதாக இருந்தது என்பதை நினைத்தால் அது பிடிவாதமாகத் தோன்றாது. வழக்குகளைக் கலந்து பேசும் அறையில் மார்ஷல் தம் பழைய கட்சிக்காரர்களின் கதைகளைச் சொல்வார் என்றும், அவை தம் எண்ணத்தில் நிலைத்து விட்டன என்றும், அவரோடு அடிக்கடி மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் 1992-இல் எழுதியிருக்கிறார். 1993 ஜனவரி 24-ஆம் நாள் மார்ஷல் காலமானார்.

வால்ட்டர் இர்வின் 1968-இல் நிபந்தனையின் பேரில் சிறையிலிருந்து விடப்பட்டு, மறு ஆண்டே இறந்தார். சிறுவராகச் சிறை புகுந்த சார்லஸ் கிரீன்லீ பல ஆண்டுகள் கழித்து வெளிவந்து, குடும்பத்தோடு வாழ்ந்து 2012-இல் மறைந்தார். நால்வருக்கும் புளோரிடா மாநிலம் 2019 ஜனவரியில் மன்னிப்பு அளித்தது. மன்னிப்பு என்றால் குற்றம் செய்தார் என்றல்லவா ஆகும் என்று குடும்பத்தார் மேலும் முயன்றனர். 2021 நவம்பரில், அந்த வழக்கு முதலில் நடந்த அதே லேக் மாவட்டத்தின் நீதிபதி ஒருவர், அரசுத் தரப்பே தாக்கல் செய்த மனுவின் மேல், குற்றச்சாட்டுகளையும் தண்டனைகளையும் இரத்துச் செய்தார். நீதிமன்றத்தில் அவர்களுடைய மக்களும் உறவினரும் அமர்ந்திருந்தனர்.